தகானாஷி யாருங்க?

மத்சுயே நகரப் பேருந்தில் ஏரிக்கரை வழித்தடத்தை ஓட்டிய கடோவாகி குனிஹிகோ, ஸ்டீயரிங் பிடித்த காலமெல்லாம் ஒரு புத்தகத்தைக்கூட முழுசாகப் படித்தவரில்லை. செய்தித்தாளில் பேஸ்பால் பக்கம், டிப்போ சுவரில் ஒட்டிய டூட்டி அட்டவணை, ராமென் நூடுல்ஸ் கடை விலைப்பலகை, அவருடைய படிப்பு அத்தோடு சரி. பள்ளிக்கூடத்தில் கட்டாயப்படுத்திக் கொடுத்த கதைகளையும் முதல் பக்கம், கடைசிப் பக்கம் பார்த்து ஒப்பேற்றியவர். "படிச்சா கண்ணுதான் கெட்டுப்போகும்" என்று மனைவி சவாகோவிடம் சொல்வார். பிற்பாடு அந்தப் பேச்சை நினைத்து இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள், சவாகோ கொஞ்சம் கூடுதலாகவே.

கண்ணைக் கெடுத்தது கிளாக்கோமா என்கிற கண்ணழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து உள்வாங்கிக்கொண்டே வந்தது. ஒரு காலை, இடதுபக்கமாக சைக்கிளில் வந்த பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. முன்சீட்டுப் பயணி போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தார். அந்தப் பெண்ணுக்குக் கீறல்கூட இல்லை. அவள் குனிந்து வணங்கிவிட்டுப் போயும்விட்டாள். கடோவாகி அந்த நடையை முடித்தார், வண்டியை டிப்போவில் நிறுத்தினார், மேலாளரின் மேஜைமேல் சாவியை வைத்தார். யாரும் கேட்காமலே வைத்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. அடுத்த மூன்று வருஷத்தில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சமாகி, அப்புறம் அதுவும் போய்விட்டது.

வீட்டில் உட்கார்ந்தார். காலையில் டி.வி.யைப் போட்டால் சவாகோ வேலை முடிந்து வரும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். சவாகோவுக்கு ஏரிச்சிப்பி தரம்பிரிக்கும் கூடத்தில் வேலை. கைநிறையச் சிப்பியை அள்ளிப் பலகையில் உருட்டிவிட்டு, சத்தத்தை வைத்தே செத்த சிப்பியைக் கண்டுபிடித்து எறிவாள். அப்படிக் காதால் பிழைக்கிறவளுக்கு, காது நன்றாக இருக்கிற ஒரு மனுஷன் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"டி.வி. கேட்டேன்."

"என்ன ஓடுச்சு?"

"ஞாபகமில்ல."

"அப்ப அதையும் பண்ணல. எந்திரிங்க. நாளைக்கு லீவு போட்டுட்டேன். பிரெய்ல் நூலகத்துக்குப் போறோம்."

"நானா? நூலகமா? கண்ணு இருந்தப்பவே அந்தப் பக்கம் போனதில்லையே."

"கண்ணு இருந்தப்ப என்னத்தத்தான் பண்ணீங்க. கிளம்புங்க."

நூலகத்தில் அவர்களை எதிர்கொண்டவர் தொமோனாரி என்ற பெண். வாசகர் சேவைப் பொறுப்பு அவருடையது. வேகமாகப் பேசுவார், பேசும்போதே எதையாவது அடுக்கிக்கொண்டிருப்பார். பிரெய்ல் புள்ளிகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த விரல். அவருக்கு உப்புத்தாளைத் தடவியதுபோல் இருந்தது.

"பரவாயில்ல. அப்ப டெய்சி, பேசும் புத்தகம்" என்று சொல்லி ஒரு பெட்டியை அவர் முன்னால் வைத்தார் தொமோனாரி. பென்டோ சாப்பாட்டு டப்பா அளவு இருந்தது. மேலே பெரிய பெரிய பொத்தான்கள். "இது சும்மா பாட்டு கேக்கற மெஷின் மாதிரி இல்ல. புத்தகத்துக்குள்ள பாகம், அத்தியாயம், பக்கம் எல்லாத்துக்கும் அடையாளம் வெச்சிருக்கோம். மேல்பொத்தான், கீழ்பொத்தான அமுக்கி எதுங்கறத முடிவு பண்ணுங்க, பாகமா, அத்தியாயமா, பக்கமான்னு. வலது, இடது அமுக்கினா அந்தக் கணக்குல முன்ன பின்ன தாவும். விட்ட இடத்துலருந்து தானே ஆரம்பிக்கும்."

கடோவாகி பொத்தான்களைத் தடவினார். "எக்ஸ்பிரஸ், சாதா பஸ் மாதிரி. எந்தெந்த ஸ்டாப்புல நிக்கணும்னு நாமளே வெச்சுக்கலாம்."

"ஆமாங்க! அதேதான்!" என்றார் தொமோனாரி. இத்தனை வருஷத்தில் தனக்கு இப்படிச் சொல்லத் தோன்றவில்லையே என்று அப்புறம் சவாகோவிடம் சொன்னாராம்.

இரண்டு வகை உண்டு என்றும் சொன்னார். ஒன்று, தொண்டர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தது. மனிதக் குரல், தப்பு இருக்காது, ஆனால் மெதுவாகத்தான் வரும். இன்னொன்று, வெறும் எழுத்தாக இருக்கும். அதை மெஷினே தன் குரலில் படிக்கும். சீக்கிரம் கிடைக்கும், ஆனால் மெஷினுக்கு எழுத்து தெரியுமே தவிர அர்த்தம் தெரியாது. கடோவாகி முதல் வகையைக் கேட்டார். "ஏதாவது கொலைக் கதை குடுங்க. நடுவுல பேஸ்பால் வந்தா நல்லது."

பேஸ்பால் இல்லாத கொலைக் கதைதான் கிடைத்தது. மழை பெய்த ஒரு மதியம் அதைப் போட்டார். சவாகோ வேலை முடிந்து வந்தபோது சாதத்துக்கு அரிசி களையவில்லை, காயப்போட்ட துணி எடுக்கவில்லை, ஈரத்தோடு கொடியிலேயே கிடந்தது. கடோவாகி கையை உயர்த்தி, பேசாதே என்று சைகை காட்டினார். கதையில் ஒரு நீதிபதி தன் சொந்த மகனை விசாரித்துக்கொண்டிருந்தான். துணியைத் திட்டிக்கொண்டே எடுத்துவந்த சவாகோ, மறுபடி கொல்லைப் பக்கம் போகிற சாக்கில் கதவோரம் நின்று கேட்டாள்.

அதன் பிறகு ஒரு வருஷம் அவர் படித்த வேகத்துக்கு நூலகத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. நாடெங்கும் உள்ள நூலகங்கள் செய்து வைத்த புத்தகங்களை இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளக் கற்றார். திருட்டு, துறைமுகம், சீனப் போர், மடத்துச் சமையல், எது கிடைத்தாலும் விடவில்லை. கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. படித்ததைப் பேச ஆளில்லை. சவாகோ பாவம், சாப்பாட்டு மேஜையில் அவர் கதை சொல்ல ஆரம்பித்ததும் தூங்கிவிடுவாள். விடிவதற்குள் எழுந்து வேலைக்குப் போகிறவள்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? கால்வாய்ப் பக்கம் உராபே-சான் காபிக் கடையில மாசா மாசம் புத்தகம் படிக்கிறவங்க கூடுறாங்களாம். அங்க போய்ப் பேசுங்க, எனக்கும் தூக்கம் கிடைக்கும்."

உராபே, கணவர் இறந்த பிறகு தனியாகக் கடை நடத்துகிற பெண்மணி. மாதத்தின் கடைசி ஞாயிறு கடையைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டு, வாசகர்களுக்கு மட்டும் திறப்பார். ஏழெட்டுப் பேர் வருவார்கள். எல்லோருமாகச் சேர்ந்து அடுத்த மாதப் புத்தகத்தை முடிவு செய்வார்கள். மருந்துக்கடை நிஷிகோரிதான் பெரும்பாலும் சொல்வார். அவர் புதுப் புத்தகம் எது வந்தாலும் முதல் வாரமே வாங்கிவிடுகிற மனுஷன். கடோவாகி வெள்ளைக் கோலோடு உள்ளே வந்தார். உராபே நாற்காலியை இழுத்துப் போட்டு, காபியை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, "காது மூணு மணிப் பக்கம் இருக்கு, கப்போட காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாதப் புத்தகம் இரண்டு வருஷம் பழையது, மனிதக் குரலில் இருந்தது. கடோவாகி வாயை மூடவே இல்லை. வீட்டுக்கு வரும்போது தெருவில் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் புத்தம் புதிய புத்தகம். தீவுகளைச் சுற்றிய ஒருத்தி எழுதிய பயணக் கட்டுரைகள். தொமோனாரியிடம் கேட்டார்.

"வாசிக்க ஆள் போட்டாச்சுங்க. திருத்தம் எல்லாம் முடிஞ்சு வர அடுத்த வருஷம் ஆயிடும்."

"கூட்டம் அடுத்த மாசம்."

"மின்னூலா வாங்கிப் பாருங்களேன்."

சவாகோ கைபேசியில் வாங்கிக் கொடுத்தாள். கைபேசி விலையை அழகாகப் படித்தது, பணம் பிடித்தாயிற்று என்பதையும் படித்தது. புத்தகத்தைத் திறந்ததும், "படம்" என்றது. அடுத்த பக்கம். "படம்." அதற்கடுத்தது. "படம்." பக்கங்களை அப்படியே புகைப்படம் பிடித்த மாதிரி அடைத்து வைத்த வகை அது. எழுத்து கண்ணுக்குத்தான் எழுத்து. கைபேசிக்கு அது ஒரு கறை. கடைசிப் பக்கம்வரை புரட்டினார். ஒரு சொல் கிடைக்கவில்லை.

அந்த மாதம் கூட்டத்தில் காபி மட்டும் குடித்துவிட்டு வந்தார்.

மூன்றாவது மாதம் ஒரு துப்பறியும் நாவல். புத்தகத்தின் பின் ஓரத்தில் ஒரு சீட்டு அச்சடித்திருப்பதைச் சவாகோ பார்த்துச் சொன்னாள்: பார்வையில்லாதவர்கள் இதை வெட்டி அனுப்பினால் பதிப்பகம் எழுத்துக் கோப்பை அனுப்பிவைக்கும். சில பதிப்பகங்கள் அப்படிச் செய்கின்றன. வெட்டி அனுப்பினார்கள். கோப்பு வந்தது. மெஷின் படித்தது. தலைப்பு எது, அத்தியாயம் எது என்ற அடையாளமே இல்லாமல் முந்நூறு பக்கமும் ஒரே நீளக் கயிறாக இருந்தது. ஆனால் படித்துவிட்டார். கதாநாயகி ஒரு பெண் போலீஸ். கொதோரி-அசோபி என்று விசித்திரமான பெயர். அவள் சாமர்த்தியம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஞாயிறு வந்தது. நிஷிகோரி ஆரம்பித்தார், அடுத்தவர் தொடர்ந்தார். எல்லோரும் தகானாஷி, தகானாஷி என்றே பேசினார்கள். தகானாஷி பாலத்தடியில் காத்திருந்தது, தகானாஷி அம்மாவுக்குப் பொய் சொன்னது. கடோவாகிக்குக் குழப்பம். இப்படி ஒரு ஆள் கதையில் வரவே இல்லையே. ஏதோ அத்தியாயம் தாவிவிட்டதோ? அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"மன்னிச்சுக்கங்க. தகானாஷி யாருங்க?"

"கதாநாயகிங்க" என்றார் உராபே.

"கதாநாயகி கொதோரி-அசோபி இல்ல?"

ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் மேஜையே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. அடக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஜப்பானியத்தில் ஒரே சீன எழுத்தைப் பல விதமாகப் படிக்கலாம். அந்தப் பெயரை எழுதுகிற மூன்று சீன எழுத்துகளுக்குத் தனித்தனியாக அர்த்தம் சொன்னால் சின்ன, பறவை, விளையாட்டு. சின்னப் பறவை பயமில்லாமல் விளையாடுகிறதென்றால் அங்கே பருந்து இல்லை. அதனால் பருந்தில்லை என்று பொருள்படத் தகானாஷி என்று படிக்க வேண்டும். அச்சுப் புத்தகத்தில் பெயர் முதலில் வரும் இடத்தில் பக்கத்திலேயே பொடி எழுத்தில் உச்சரிப்பு போட்டிருக்கும். எழுத்துக் கோப்பில் அந்தப் பொடி எழுத்து விடுபட்டிருந்தது. மெஷின் தனக்குத் தெரிந்தபடி சின்னப் பறவையை விளையாட விட்டுவிட்டது.

கடோவாகியும் சேர்ந்துதான் சிரித்தார். கூட்டம் கலைகிறபோது நிஷிகோரி வந்து தோளைத் தொட்டார்.

"கடோவாகி-சான், இவ்வளவு கஷ்டம் எதுக்கு? நீங்க படிக்காமயே வாங்க. ஒரு நாள் முன்னாடி என் கடைக்கு வந்தா கதைச் சுருக்கம் நான் சொல்லிடறேன். பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

அன்பாகச் சொன்னதுதான். சிரிப்பைத் தாங்கிக்கொண்ட கடோவாகிக்கு இதைத் தாங்க முடியவில்லை. "ரொம்ப நன்றி" என்று குனிந்தார், வெளியே வந்தார். அழைத்துப்போக வந்திருந்த சவாகோவின் முழங்கையைப் பிடித்தபடி வீடுவரை நடந்தார். செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தது.

"சுருக்கம் சொல்றாராம். பஸ்ல ஏத்திக்காம, வழியில என்னென்ன இருக்குன்னு ஸ்டாப்புல நின்னு சொல்றாராம்."

"விட்டுத்தள்ளுங்க. போகாதீங்க அங்க."

"போகாமயா? போவேன். முழுசாப் படிச்சிட்டுப் போவேன். எல்லாரும் படிக்கிற அதே மாசம்."

அடுத்த கூட்டத்தில் கடோவாகி ஒரு வேண்டுகோள் வைத்தார். புத்தகத்தை ஒரு மாதம் முன்னால் சொல்வதற்குப் பதில் இரண்டு மாதம் முன்னால் சொல்லிவிட்டால் எப்படியாவது தேடிப் பிடித்துவிடுவேன் என்றார். நிஷிகோரி தலையசைத்து மறுத்தார்.

"ரெண்டு மாசத்துல புத்தகம் ஆறிப்போயிடும். கடையில அடுக்கின கையோட படிக்கிறதுலதான் ருசியே."

"எனக்கும் சூடாத்தான் வேணும் நிஷிகோரி-சான். எனக்கு மட்டும் அடுத்த வருஷ மிச்சச் சோறா?"

"ஒருத்தருக்காக எல்லாரும் காத்திருக்கணும்னா எப்படி?"

கை தூக்கச் சொன்னார்கள். கடோவாகி பக்கம் உராபேயும் இன்னொருவரும்தான். உராபே வருத்தத்தோடு எண்ணிக்கையைச் சொன்னார்.

"சரி" என்றார் கடோவாகி. "ஒரு மாசம்னா ஒரு மாசம். அடுத்த புத்தகம் எது?"

மறுநாள் காலையில் நூலகத்தில் தொமோனாரியின் மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டார். அச்சுப் புத்தகத்தை வெட்டி ஸ்கேன் செய்து, எழுத்தாக்கி, அத்தியாய அடையாளம் போட்டு, மெஷின் குரலுக்கு விட்டால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

"எழுத்தாக்கறது ஒரு வாரம். ஆனா தப்பு நிறைய இருக்கும். உச்சரிப்பைச் சரிபார்க்க ஆள் இல்ல. தப்போட வாசகர் கையில குடுக்கறது எங்க வழக்கமில்லங்க. அதனாலதான் குரல் பதிவுக்கே முதலிடம்."

"தப்பை நான் கேட்டுப் புடிக்கிறேன்."

"உங்களுக்கு எழுத்து தெரியணுமே."

"தப்பு எங்கன்னு காதுக்குத் தெரியும். எழுத்து என்னன்னு பார்க்க வீட்டுல ஒருத்தி இருக்கா. காதும் அவளுக்கு நல்ல காது."

தொமோனாரி உடனே சம்மதிக்கவில்லை. மேலே கேட்க வேண்டும் என்றார். புத்தகம் நூலகத்தின் பெயரில்தான் போகும், வீட்டில் செய்து வெளியே விடக் கூடாது, குறையோடு இருந்தால் குறை என்று முன்னாலேயே சொல்லியாக வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் கடோவாகி, சரி, சரி, சரி என்றார். மேலே கேட்டதற்குப் பதில் வருவதற்குள் அவர் கணினி வகுப்பில் சேர்ந்துவிட்டார். திரையில் இருப்பதைப் படிக்கிற மென்பொருள், சந்தேகமான எழுத்தின் மேல் நிறுத்தினால், பறவைங்கற எழுத்து, விளையாட்டுங்கற எழுத்து என்று பிரித்துச் சொல்லும். விசைப்பலகையில் அவர் விரல்கள் முதலில் தடுமாறின. கற்றுக்கொடுத்தவரைவிட அவர் அதிகமாகத் திட்டியது தன் விரல்களைத்தான்.

பரீட்சார்த்தமாக ஒன்று செய்து பார்க்கலாம் என்று மேலிடம் சொன்னது. அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டு மேஜை வேறு மாதிரி ஆனது. மதியம் வேலை முடிந்து வந்த சவாகோ, கையில் சிப்பி வாடை போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அச்சுப் பிரதியோடு எதிரில் உட்காருவாள். மெஷின் படிக்கும். கடோவாகி நிறுத்துவார்.

"இரு. 'அவன் ஒன்றாம் தேதி முழுக்க அழுதான்.' ஒன்றாம் தேதி எதுக்கு அழறான்?"

சவாகோ விரலால் வரியைத் தேடுவாள். "ஒன்றாம் தேதி இல்லங்க, ஒரு நாள். ஒரு நாள் முழுக்க அழுதான். ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதானே."

"சம்பளம் வராம அழறான்னுல்ல நினைச்சேன்!"

இன்னொரு நாள் மெஷின், புகழில்லாத துறைமுகத்தில் கப்பல் நின்றது என்றது. பக்கத்துத் துறைமுகம் பெயரெடுத்துவிட்டது போலிருக்கிறது, அதனால் இதற்குப் புகழில்லை என்று கடோவாகி தன்போக்கில் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். சவாகோ பார்த்துச் சொன்னாள்: ஆளரவமில்லாத துறைமுகம், எழுத்து அதேதான். மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார்கள் இருவரும்.

சவாகோவிடம் ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. அவர் கணினி வகுப்புக்குப் போன நேரத்தில் தனியாக முன்னால் படித்துவிடுவாள்.

"அந்த மாலுமியை நம்பாதீங்க."

"சொல்லாத! சவாகோ, வாயை மூடு!"

"நான் ஒண்ணும் சொல்லலையே. நம்பாதீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

பதிப்பகங்களுக்கும் ஃபோன் போட ஆரம்பித்தார். பெரும்பாலும், அப்படி ஒரு சேவை எங்களிடம் இல்லை என்று மரியாதையாக வைத்துவிடுவார்கள். அடுத்த வாரம் மறுபடி போடுவார். ஒரு சின்னப் பதிப்பகத்தில் பதிப்பாசிரியரான ஒரு பெண் மட்டும் கடைசிவரை கேட்டார். பெயருக்குப் பக்கத்துப் பொடி எழுத்தைக் கோப்பில் அடைப்புக்குறிக்குள் போட்டு அனுப்பினாலே போதும் என்று கடோவாகி சொன்னதும், "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான்" என்றார் இவர். "அதுக்கு எனக்கு அரை நாள் ஆகும். நாளைக்கு அனுப்பறேன்." ஃபோனை வைத்த பிறகும் கடோவாகி கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

இப்படியாக இலையுதிர்காலம்வரை ஒரு கூட்டத்தைக்கூட அவர் விடவில்லை. ஒருமுறை கடைசி அத்தியாயம் கூட்டத்தன்று காலையில்தான் முடிந்தது. ஒருமுறை பாதிதான் முடிந்தது. பாதி வரைதான் படித்தேன், அதுவரை பேசுகிறேன் என்று நேராகச் சொன்னார். அவர் பேச்சில் யாருக்கும் சலிப்பு வரவில்லை. வண்டி ஓட்டிய மனுஷன், ஊரில் எந்தத் தெருவில் யார் ஏறுவார், எப்படி இறங்குவார் என்று தெரிந்தவர். கதை மாந்தர்களையும் அப்படித்தான் பார்த்தார். "இந்த ஆளு கடைசி நேரத்துல இறங்க மணி அடிக்கிற ஜாதி" என்று ஒரு வில்லனைப் பற்றிச் சொன்னதை உராபே ரொம்ப நாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் நிஷிகோரி ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பாகம். தட்டென்று மேஜையில் வைத்த சத்தத்திலேயே கனம் தெரிந்தது. வடக்கே கடலில் மூழ்கிய கப்பலைத் தூக்குகிறவர்களின் மூன்று தலைமுறைக் கதை. விலை அதிகம், பேச்சும் அதிகம் அடிபட்டது. எல்லோரும் ஆவலோடு சரி என்றார்கள். கடோவாகி மட்டும் இரண்டு பாகத்தையும் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"முடியுமா கடோவாகி-சான்?" என்றார் நிஷிகோரி. இந்தத் தடவை குரலில் கறார் இல்லை.

"பாக்கலாம்."

கப்பல் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், வடக்கத்தி மீனவர்களின் குடும்பப் பெயர்கள், ஒன்றுகூட எழுத்தைப் பார்த்தபடியே படிக்க முடிகிற பெயரில்லை. மெஷின் பக்கத்துக்குப் பக்கம் புதிதாக ஒரு கூத்தைச் செய்தது. தொமோனாரி தன் மேஜை வேலையை ஒதுக்கிவிட்டு அடையாளம் போட்டுக் கொடுத்தார். சவாகோ வேலைக்கூடத்தில் இடைவேளையிலும் புத்தகத்தை விரித்து வைத்துப் பொடி எழுத்தைத் தேடினாள். பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, யாருக்கு யார் அப்பா என்று அவர்களும் சண்டை போட்டார்கள். கடோவாகிக்கு ஜலதோஷம் பிடித்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு காதில் ஹெட்ஃபோனோடு கிடந்தார். "விட்டுடுங்க, ஒரு மாசம் போகலைன்னா குடியா முழுகிடும்?" என்று கஞ்சி வைத்துக் கொடுத்தபடி சவாகோ கேட்டாள். "கப்பல்தான் முழுகிக் கிடக்குது. தூக்காம எப்படி விடறது?" என்றார் மூக்கடைத்த குரலில்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கடைசி வரி முடிந்தது. சவாகோ மூக்கை உறிஞ்சினாள், அவளுக்கு ஜலதோஷம் இல்லை.

டிசம்பர் ஞாயிறு. ஏரிக்காற்று கதவிடுக்கில் ஊதிக்கொண்டிருந்தது. காபி வந்தது, கேக் வந்தது, யாரும் ஆரம்பிக்கவில்லை. உராபே தயங்கித் தயங்கி, தான் முதல் பாகத்தோடு நின்றுவிட்டதாகச் சொன்னார். அடுத்தவர் முதல் பாகத்தில் பாதி. இன்னொருவர் வருஷக் கடைசி வேலை என்றார். கடைசியில் நிஷிகோரி தொண்டையைக் கனைத்தார்.

"இன்ஃப்ளூயன்ஸா சீசன், கடையில கூட்டம்... ரெண்டாம் பாகம் நூறு பக்கம் போனேன். முடிக்கல."

"நான் முடிச்சிட்டேன்" என்றார் கடோவாகி. "வீட்டுலயும் முடிச்சிட்டாங்க."

யாரோ மெல்லக் கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். நிஷிகோரி நாற்காலியை இழுத்து அருகில் வந்தார்.

"கடைசில என்னதான் ஆச்சு? கப்பல் மேல வந்துச்சா? சுருக்கமாச் சொல்லிடுங்களேன்."

கடோவாகி காபியை ஒரு வாய் குடித்தார்.

"சொல்ல மாட்டேன் நிஷிகோரி-சான். அந்தக் கடைசி நாப்பது பக்கத்தை நான் சொல்லிக் கேட்டா நீங்க வாழ்நாள் முழுக்க என்னைத் திட்டுவீங்க. போய்ப் படிங்க. நான் காத்திருக்கேன்."

அவர் குரலில் குத்தல் இருந்ததா என்று உராபே உற்றுக் கேட்டாராம். இல்லை. நல்ல இடத்தை இன்னொருத்தர் பார்க்காமல் போய்விடக் கூடாதே என்ற தவிப்புதான் இருந்தது. நிஷிகோரி சற்று நேரம் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு மேஜையைப் பார்த்துச் சொன்னார்:

"அப்ப இதை ஜனவரிக்குத் தள்ளி வெப்போம். இனிமே ரெண்டு மாசம் முன்னாடியே புத்தகத்தைச் சொல்லிடறதுன்னு வெச்சுக்கலாமா? எனக்கும் இப்பல்லாம் ஒரு மாசம் பத்தறதில்ல." அப்புறம் இவர் பக்கம் திரும்பி, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு நான் சொன்னது... சுருக்கம்னு சொன்னேனே..." என்று இழுத்தார்.

"காபி ஆறிடும், குடிங்க" என்றார் கடோவாகி.

இப்போது நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கு முதலில் மெஷின் குரல் பிரதி வருகிறது. மனிதக் குரல் பதிவு பின்னால் நிதானமாக வருகிறது. குரல் கொடுக்கும் தொண்டர்களில் சிலருக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. அவர்களில் மூன்று பேர் இப்போது உச்சரிப்பு பார்க்கவும் வருகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் கடோவாகி அங்கே ஒரு மேஜையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பார். சீட்டு கொடுக்காத பதிப்பகங்கள் இன்னும் நிறைய. படப் பக்கமாக அடைத்த மின்னூல்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. மாதம் ஒரு முறை அவர்களுக்கு ஃபோன் போடுவதை அவர் நிறுத்தவில்லை. ஒரு பதிப்பகத்தின் வரவேற்புப் பெண்ணுக்கு அவர் குரலே பழகிவிட்டது. வானிலை விசாரித்துவிட்டுத்தான் இணைப்பு கொடுக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை ஓகி தீவிலிருந்து ஒரு பெண்மணி நூலகத்துக்கு அழைத்தார். பிறவியிலேயே பார்வையில்லாதவர், அந்தக் கப்பல் நாவலை இறக்கிக் கேட்டிருக்கிறார். தொமோனாரி ஃபோனைக் கடோவாகியிடம் கொடுத்தார்.

"இதைச் சரிபார்த்தது நீங்கதானா?" குரல் கறாராக இருந்தது. "ரெண்டாம் பாகத்துல, கிழவன் வலை தைக்கிற இடம். அங்க ஒரு மீன் பேரை உங்க மெஷின் கண்டபடி படிக்குது. எங்க தீவுல அந்த மீனை அப்படிச் சொன்னா பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. நீங்க கேக்கவே இல்லையா?"

கடோவாகிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஹெட்ஃபோனை இழுத்துக் காதில் வைத்தார், இரண்டாம் பாகத்தைப் போட்டார்.

"விட்டுட்டேங்க. எந்த அத்தியாயம்? சொல்லுங்க, இப்பவே போய்ப் பாக்கறேன்."